அவசரம்: ஓரியன் நெபுலா வருது, ஆனா நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா இருக்கு

மாடிவானம் | சனி, இரவு 8.20
வணக்கம். ஓரியன் நெபுலாவை (எம்42) படம் எடுத்துக்கிட்டிருக்கேன். நெபுலா நல்லாவே தெரியுது, ஆனா நட்சத்திரம் ஒண்ணுகூட புள்ளியா இல்ல, எல்லாம் கோடு. அலைன்மென்ட் எல்லாம் பண்ணியாச்சு. கேமரா பிரச்சினையா, மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புற அமைப்பு) பிரச்சினையா? ஓரியன் மேல வந்துக்கிட்டிருக்கு, யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கவுண்டர்வெயிட் | 8.26
எந்த மவுண்ட்? எந்த டெலஸ்கோப், ஃபோகல் லெங்த் எவ்வளவு? எத்தனை நொடி எக்ஸ்போஷர்? கைடிங் (இன்னொரு கேமரா நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்துறது) உண்டா? எந்த ஊர்? எந்த அலைன்மென்ட் பண்ணீங்க, போலாரா (மவுண்ட் அச்சை வானத் துருவத்துக்கு நேரா வைக்கிறது), கோடூவா (மவுண்டே பொருளைத் தேடிப் போறதுக்கு)? இது எதுவும் தெரியாம சொல்றது குறி சொல்ற மாதிரி ஆயிடும். படத்தோட நடுவுல ஒரு துண்டு, மூலையில ஒரு துண்டு, சுருக்காம முழு அளவுல வெட்டிப் போடுங்க.

குழிஆடி | 8.29
நியூட்டோனியன்தானே? அப்போ கோமா. எஃப்/5 குழியாடிக்கு கோமா கரெக்டர் இல்லாம ஏபிஎஸ்-சி சென்சார் மாட்டினா மூலையில நட்சத்திரம் வால் முளைச்சுதான் வரும். கரெக்டர் வாங்குங்க. வாங்கினாலும் அதுல இருந்து சென்சாருக்கு 55 மி.மீ. சரியா இருக்கணும். டி-ரிங்கோட கேனான் உடம்பு போட்டா அந்த 55 தானா வந்துடும்.

மாடிவானம் | 8.34
130 பிடிஎஸ் டெலஸ்கோப், ஹெச்இக்யூ5 மவுண்ட், கேனான் 700டி கேமரா (சிவப்பு ஒளிக்காக மாடிஃபை பண்ணாதது). 120 செகண்ட், ஐஎஸ்ஓ 800. கைடிங் இல்ல. 3 ஸ்டார் அலைன்மென்ட் பண்ணேன், கோடூ கரெக்டா நடுவுல கொண்டுவந்து வைக்குது. கோடு நடுவுலயும் இருக்கு மூலையிலயும் இருக்கு, எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு.

கவுண்டர்வெயிட் | 8.39
அப்போ கோமா இல்ல. கோமா நடுவுல பூஜ்யம், மூலைக்குப் போகப் போக வெளிப்பக்கமா வால் நீளும். எல்லா இடத்துலயும் ஒரே திசை, ஒரே நீளம்னா ட்ராக்கிங்தான் (மவுண்ட் நட்சத்திரத்தைத் தொடர்ந்து போறது) பிரச்சினை. கோடு எத்தனை பிக்சல்னு எண்ணிச் சொல்லுங்க.

கணக்கு: 700டி பிக்சல் 4.3 மைக்ரான், 650 மி.மீ. ஃபோகல் லெங்த். ஒரு பிக்சல் 1.36 ஆர்க்செகண்ட். மவுண்ட் ஓடவே இல்லைன்னா 120 நொடியில 1,300 பிக்சலுக்கு மேல இழுத்திருக்கும். ஹேண்ட் கண்ட்ரோலர்ல தெரியாம லூனார் ரேட் (நிலாவோட வேகம்) விழுந்திருந்தா சில பத்து பிக்சல்தான். அதனாலதான் எண்ணச் சொல்றேன்.

ஃபிலிம்காலம் | 8.41
தம்பி, நெபுலா படம் எடுக்கிறது கேமரா மாட்டி பட்டன் அமுக்குற வேலை இல்ல. முதல்ல எம்42-ஐ 25 மி.மீ. ஐபீஸ்ல கண்ணால பாருங்க, அதோட நடுவுல இருக்கிற ட்ரெப்பீசியத்துல நாலு நட்சத்திரமும் பிரியுதான்னு பாருங்க. அப்புறம் பேலன்ஸ். கிழக்குப் பக்கம் ஒரு சிட்டிகை கனம் கூட இருக்கணும், அப்போதான் பல்சக்கரம் ஒரே பக்கமா அழுந்தி நிக்கும். மவுண்ட் கையேட்டை இங்க யாரும் படிக்கிறதே இல்ல.

ஜவ்வாது | 8.44
மொட்டை மாடியா? எக்ஸ்போஷர் ஓடும்போது நடக்காதீங்க. ஸ்லாப் ஆடும். தண்ணி மோட்டார் ஓடுதான்னும் பாருங்க.

கவுண்டர்வெயிட் | 8.46
ஆட்டம்னா கோணல்மாணலா, இல்ல ரெட்டைப் புள்ளியா வரும். நேர்கோடா வராது.

மாடிவானம் | 8.58
40 பிக்சல் சுமார். ரேட் சைடீரியல்தான் (நட்சத்திர வேகம்), பார்த்துட்டேன். ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன், நேத்து நள்ளிரவுக்கு மேல எடுத்த படங்கள்ல கோடு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. சாயங்காலம் சென்சார் சூடா இருக்கிறதாலயா?

11பாகை | 9.05
சென்சார் சூட்டால நாய்ஸ் வரும், கோடு வராது. ஆனா நள்ளிரவு விஷயத்தை முதல்லயே சொல்லியிருக்கலாம், இதுல பாதி விடை இருக்கு. எந்த ஊர்னு இன்னும் சொல்லலையே?

இப்பவே ஒரு சோதனை பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை. அதே எம்42, 120 நொடி எக்ஸ்போஷர். 115 நொடி மவுண்ட் ஓடட்டும், கடைசி 5 நொடி மட்டும் ஹேண்ட் கண்ட்ரோலர்ல ட்ராக்கிங்கை நிறுத்துங்க. அந்த 5 நொடியில ஒவ்வொரு நட்சத்திரமும் மேற்கு நோக்கி 55 பிக்சல் சுமாருக்கு ஒரு வால் இழுக்கும். அது ஆர்ஏ, அதாவது கிழக்கு-மேற்கு திசை.

பழைய கோடும் இந்த வாலும் ஒரே நேர்கோட்டுல இருந்தா ஆர்ஏ பிரச்சினை: ரேட், பல்சக்கரம், பேலன்ஸ். ரெண்டும் எல் மாதிரி மடங்கினா டெக் (வடக்கு-தெற்கு) திசையில நகருது, அதாவது போலார் அலைன்மென்ட் தப்பு. எல்-ஓட மூலை எந்தப் பக்கம் இருக்குன்னும் சொல்லுங்க. ரன்னிங் மேன் நெபுலா (என்ஜிசி 1977) எம்42-க்கு வடக்கே அரை டிகிரியில இருக்கு, உங்க ஃப்ரேம்லயே விழும். மூலை அந்தப் பக்கமா, எதிர்ப்பக்கமா?

ஓத்ரீ | 9.07
இதெல்லாம் இருக்கட்டும், நகரத்துக்குள்ள ஃபில்டர் இல்லாமலா எடுக்கிறீங்க? எல்-எக்ஸ்ட்ரீம் ஃபில்டர் மாட்டுங்க. ஹெச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனோட சிவப்பு ஒளி), ஓ3 (ஆக்சிஜனோட ஒளி) ரெண்டுலயும் 7 நானோமீட்டர் மட்டும்தான் உள்ள விடும், தெருவிளக்கு எல்லாம் காணாமப் போயிடும்.

மாடிவானம் | 9.21
தாம்பரம். எல் மாதிரிதான் வருது!! மூலை ரன்னிங் மேன் பக்கம். துருவ நட்சத்திரம் தெரியாது, வடக்குல பக்கத்து அபார்ட்மென்ட் மறைக்குது. ஃபோன் காம்பஸ் வெச்சு வடக்கு பார்த்து வெச்சேன். உயரம் ஸ்கேல்ல எவ்வளவு கீழ போகுமோ அவ்வளவு வெச்சிருக்கேன். 3 ஸ்டார் முடிஞ்சதும் திரையில மெல் 2 டிகிரின்னு என்னவோ வரும், ஓகே அமுக்கிடுவேன்.

11பாகை | 9.30
அந்த மெல்தான் விடை. அது உங்க போலார் அச்சு உயரத்துல எவ்வளவு தள்ளி இருக்குன்னு கண்ட்ரோலர் சொல்ற கணக்கு. மேஸ்னு இன்னொண்ணு வந்திருக்கும், அது இடவலப் பிழை. 3 ஸ்டார் அலைன்மென்ட் இதைக் கணக்குல எடுத்துக்கிட்டு கோடூவைச் சரியா காட்டும், ஆனா அச்சைத் திருப்பாது. அதனாலதான் பொருள் நடுவுல வந்து நிக்குது, அப்புறம் நகருது.

தாம்பரம் 13 டிகிரி அட்சரேகை. ஹெச்இக்யூ5 அச்சை ஒரு அளவுக்குக் கீழ இறக்க முடியாது. உங்க மெல் 2 டிகிரி காட்டுறதால, நீங்க எவ்வளவு கீழ இறக்கினாலும் 15 கிட்ட முட்டி நிக்குது, 2 டிகிரி கூடுதல். 2 டிகிரின்னா 120 ஆர்க்மினிட். ஒரு ஆர்க்மினிட் பிழைக்கு அதிகபட்சம் நிமிஷத்துக்கு 0.26 ஆர்க்செகண்ட் நகர்வு, ஆக 31. உயரப் பிழை கிழக்கு, மேற்கு அடிவானப் பக்கம் முழுசா தெரியும், உச்சிக்கோட்டுல (தலைக்கு மேல வடக்கு-தெற்கா போற கோடு) மறைஞ்சிடும். இப்போ ஓரியன் உச்சிக்கு நாலு மணி நேரம் முன்னாடி இருக்கு, அதனால நிமிஷத்துக்கு 27, ரெண்டு நிமிஷத்துக்கு 54. 1.36-ஆல வகுத்தா நீங்க எண்ணின அதே 40 பிக்சல். நள்ளிரவுக்கு மேல ஓரியன் உச்சியில இருந்ததாலதான் கோடு சுருங்கிச்சு. அங்க சுருங்கினதால காம்பஸ் திசை ஓரளவு சரின்னும் தெரியுது. மாடி கான்கிரீட் கம்பிக்கு மேல வெச்ச ஃபோன் காம்பஸுக்கு இது அதிர்ஷ்டம்.

கிழக்குல இருக்கிற நட்சத்திரம் வடக்கே நகர்ந்தா அச்சு உயரம் அதிகம், தெற்கே நகர்ந்தா குறைவு. உங்க எல் மூலை ரன்னிங் மேன் பக்கம், அதாவது வடக்கே, அதனால உயரம் அதிகம்.

ஃபிலிம்காலம் | 9.33
நான் சொன்னேனே, கையேட்டுல இருக்கு.

கவுண்டர்வெயிட் | 9.34
நீங்க சொன்னது பேலன்ஸ் சார்.

குழிஆடி | 9.36
எதுக்கு இவ்வளவு? 50 மி.மீ. கைட் ஸ்கோப், ஒரு கைட் கேமரா, பிஹெச்டி2 மென்பொருள். டெக் நகர்வை அதுவே பிடிச்சுக்கும்.

11பாகை | 9.44
பிடிக்கும், ஆனா ஃபீல்ட் சுழற்சியை நிறுத்தாது. 2 டிகிரி பிழையில கைட் நட்சத்திரம் நிக்கும், மற்றதெல்லாம் அதைச் சுத்தும். 2 நிமிஷத்துல மூலையில சுமார் ஒரு பிக்சல், 5 நிமிஷத்துல ரெண்டரை. இவர் லேப்டாப்கூட மாடிக்கு எடுத்துட்டுப் போறாரான்னு தெரியல. முதல்ல பைசா செலவில்லாத வேலை.

1. ட்ரைபாட் ஒரு கால் நேர் வடக்கே இருக்கட்டும், ரெண்டு கால் தெற்கே. குழாயும் எடையும் வடக்கே சாயப் போகுது, அந்தப் பக்கம் கால் இல்லைன்னா கவிழும்.

2. ரெண்டு கால் நுனிக்கு நடுவுல தரையில அளந்து 0.87-ஆல பெருக்குங்க. 90 செ.மீ. இருந்தா 78. இது வடக்குக் காலுக்கும் தெற்குக் கால் ரெண்டையும் சேர்க்கிற கோட்டுக்கும் உள்ள தூரம். 3 டிகிரி சாய்க்க 78-ஐ 0.052-ஆல பெருக்கினா 4 செ.மீ. வடக்குக் காலை அந்த 4 செ.மீ. குட்டையாக்குங்க. 2 போதாது, போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் விளையாட இடம் வேணும். ஸ்பிரிட் லெவல் நடுவுல நிக்காது, அதைப் பத்திக் கவலை வேண்டாம். அச்சு எங்க நோக்குதுங்கறதுதான் முக்கியம், ட்ரைபாட் மட்டம் இல்ல.

3. இனி ஸ்கேல்ல 16 கிட்ட வைங்க. உயர போல்ட் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளுறது. ஒண்ணைத் தளர்த்தாம இன்னொண்ணை முறுக்கினா வளைஞ்சிடும். டெலஸ்கோப்பும் எடையும் ஏத்தின பிறகே கடைசித் திருத்தம்.

4. ஹோம் நிலையில எடைக்கம்பி கிட்டத்தட்ட நேர் கீழ தொங்கும், எடை வடக்குக் கால்ல இடிக்கும். எடையை கம்பியில மேல ஏத்தி, போதலைன்னா இன்னொரு எடை சேருங்க. ட்ரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவுல நீட்டிப்புக் குழாய் போட்டா இந்தத் தொல்லையே இருக்காது.

5. துருவ நட்சத்திரம் இல்லாம அலைன்: லேப்டாப் இருந்தா நினா மென்பொருள்ல த்ரீ பாயிண்ட் போலார் அலைன்மென்ட் ப்ளக்-இன், வானத்துல எந்தப் பக்கம் பார்த்தும் வேலை செய்யும். இல்லைன்னா கேமராலயே ட்ரிஃப்ட் பாருங்க. 125 நொடி எக்ஸ்போஷர். முதல் 5 நொடி சும்மா விடுங்க, அடுத்த 60 நொடி மிகக் குறைஞ்ச ரேட்ல மேற்கு பட்டன், அப்புறம் 60 நொடி கிழக்கு பட்டன். நட்சத்திரம் போன வழியிலயே திரும்பி வந்தா ஒரே கோடு, பிழை இருந்தா வி. அந்த வி மூடற வரைக்கும் போல்ட்டைத் திருப்புங்க. உயரத்துக்குக் கிழக்கே 30 டிகிரி சுமாருக்கு மேல இருக்கிற நட்சத்திரம். இடவலத்துக்கு உச்சிக்கோட்டுல வான நடுவரைக்குப் பக்கத்துல ஒண்ணு, ஓரியன் பெல்ட்ல இருக்கிற மிண்டாகா நட்சத்திரம் பொருத்தம். அது தெற்கே நகர்ந்தா அச்சு கிழக்கே தள்ளியிருக்கு, வடக்கே நகர்ந்தா மேற்கே.

ஜவ்வாது | 9.50
13 டிகிரி உயரத்துல காற்று ஒளிவிலகலே 4 ஆர்க்மினிட் வரும். துருவ நட்சத்திரம் தெரிஞ்சாலும் அது தெரியற இடம் உண்மையான இடம் இல்ல.

11பாகை | 9.53
4 ஆர்க்மினிட்னா நிமிஷத்துக்கு 1 ஆர்க்செகண்ட். இந்த செட்டப்புக்கு பிரச்சினை இல்ல. காவலூர் வானாய்வகத்தோட 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கு குதிரைலாட மவுண்ட் போட்டதுல இந்தத் தாழ்ந்த அட்சரேகையும் ஒரு காரணம். நமக்கு 4 செ.மீ. கால்.

ஓத்ரீ | 9.58
ஃபில்டர் பத்தி யாரும் பேசலையே. தாம்பரத்துல 120 நொடி எடுத்தா வானமே ஆரஞ்சா வெளுத்துடாதா?

ஜவ்வாது | 10.02
ஃபில்டருக்குக் கொடுக்கிற காசுல ஜவ்வாது மலைக்குப் பல தடவை போயிட்டு வரலாம். இருண்ட வானத்துக்கு ஈடு எந்தக் கண்ணாடியும் இல்ல.

ஓத்ரீ | 10.05
வேலைக்குப் போறவன் வாராவாரம் மலை ஏற முடியுமா? மாடியில கிடைக்கிற மணி நேரம்தான் கணக்கு.

கவுண்டர்வெயிட் | 10.11
ரெண்டு பேரும் கேமராவை மறந்துட்டீங்க. மாடிஃபை பண்ணாத 700டி உள்ள இருக்கிற ஃபில்டரே 656 நானோமீட்டர் ஹெச்-ஆல்ஃபால கால்வாசி சுமாருக்குத்தான் விடும். அதுக்கு மேல எல்-எக்ஸ்ட்ரீம் மாதிரி டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டா மிச்சம் ஓ3 மட்டும்தான். ரன்னிங் மேன் பிரதிபலிப்பு நெபுலா, நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்புறது, அதை 7 நானோமீட்டர் ஃபில்டர் அப்படியே முழுங்கிடும். பழைய சிஎல்எஸ் ஃபில்டர் வாங்கிடலாம்னும் நினைக்காதீங்க. அது சோடியம், மெர்குரி விளக்குக்கு வெட்டினது. எல்இடி தெருவிளக்கு எல்லா நிறத்துலயும் எரியுது.

எம்42 பிரகாசமானது, ஃபில்டர் இல்லாமலே வரும். 120 நொடியும் தேவையில்ல. நகர வானத்துல எஃப்/5-க்கு 30 நொடியிலயே ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) மலை இடது ஓரத்தை விட்டு நல்லாவே நகர்ந்துடும், அதுக்கு மேல வானத்தைத்தான் சேர்க்கிறீங்க. 30 நொடியில 200 படம், நூறு நிமிஷம். ஹெச்இக்யூ5 வார்ம் (அச்சைத் திருப்புற திருகு) ஒரு சுற்றுக்கு 638 நொடி, அந்தப் பிழை ஆர்ஏல எப்படியும் இருக்கும். 30 நொடியில பெரும்பாலான படம் தப்பிக்கும், கோடா நீண்டதை ஸ்டாக் பண்ணும்போது (படங்களை அடுக்கி ஒண்ணாக்கும்போது) தள்ளிடுங்க.

ஓத்ரீ | 10.14
கேமராவை மாடிஃபை பண்ணிட்டா? அப்போ என்ன சொல்வீங்க?

ஜவ்வாது | 10.15
அப்பவும் மலைதான்.

நெறியாளர் | 10.20
ஃபில்டரா மலையாங்கிற விவாதத்தைத் தனி இழையில தொடருங்க. இங்க மாடிவானத்தோட கோடு மட்டும்.

மாடிவானம் | திங்கள், காலை 7.10
வடக்குக் கால் 4 செ.மீ. குறைச்சேன், மெல் இப்போ 3 ஆர்க்மினிட். 30 செகண்ட்ல புள்ளி வட்டமா இருக்கு. மூலையில மட்டும் வால் இருக்கு. ட்ரெப்பீசியம் வெள்ளையா எரிஞ்சு போச்சு. நன்றி எல்லாருக்கும்.

குழிஆடி | 7.31
மூலையில இருக்கிறது கோமா. சொன்னேன்ல.

கவுண்டர்வெயிட் | 7.40
இந்தத் தடவை ஆமா. ட்ரெப்பீசியத்துக்கு அதே ஐஎஸ்ஓல 5 நொடியில 30 படம் தனியா எடுத்து தனி ஸ்டாக் போடுங்க. ரெண்டு ஸ்டாக்கையும் ஒரே ரெஃபரன்ஸ் படத்துக்கு அலைன் பண்ணுங்க, அப்புறம் கிம்ப் மென்பொருள்ல மேல குட்டி ஸ்டாக்கை வெச்சு, மையத்துல மட்டும் மென்மையான விளிம்போட மாஸ்க். 5 நொடியிலயும் நடு வெள்ளையா இருந்தா 2 நொடி.