ஈரச் சாலையில் இறங்கிய முக்குளிப்பான்

மழை விட்டிருந்த இரவில், ஏரிக்கு அப்பால் உள்ள தார்ச்சாலையோரம் ஒரு சிறு பறவை நெஞ்சு தரையில் படியக் கிடந்தது. ஆள் நெருங்கியும் பறக்கவில்லை. கால்களால் தரையை உந்தி இரண்டு சாண் நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது. வண்டியில் அடிபட்டிருக்கும் என்றார்கள் கூடி நின்றவர்கள். துணியால் மூடி எடுத்துப் பார்த்தேன், காயம் எதுவுமில்லை. கால்கள் உடலின் பின்கோடியில் இருந்தன. விரல்களை இணைக்கும் சவ்வு இல்லாமல், ஒவ்வொரு விரலிலும் தனித்தனி மடல். முக்குளிப்பான்!

முங்கி மீன் பிடிப்பதற்கென்றே அமைந்த கால்கள் அவை. நீரின் மேல் சிறிது தூரம் ஓடித்தான் இப்பறவை காற்றில் எழும்பும். கெட்டித் தரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது. இரவில்தான் இடம் பெயர்கிறது. விளக்கொளியில் பளபளக்கும் ஈரச் சாலையைத் தண்ணீர் என்று நம்பி இறங்கிவிட்டால், விடிவதற்குள் நாயோ சக்கரமோ அதன் கதையை முடித்துவிடும். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து அதில் வைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்களைத் தடுத்தேன், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காயமில்லாததால் ஏரிக்கரையில் நீரோரமாக விட்டேன். விட்ட நொடியே முங்கிவிட்டது. வெகுதூரம் தள்ளி, கோரைக்கு அருகில் தலை தெரிந்தது.

* * *

முக்குளிப்பானைக் காப்பாற்றியதைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். எங்கள் ஏரியில் ஒரு நீர்க்காகத்தின் இறக்கையும் காலும் தூண்டில் நரம்பில் பின்னிக் கிடந்தன. தலையைத் துணியால் மூடியதும் அடங்கிவிட்டது. நரம்பை இழுக்காமல் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினோம். தொண்டைக்குள் கொக்கி இருந்தால் நாமே பிடுங்கக் கூடாது, கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளும் நஞ்சுதான். அவற்றை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-இல் அவற்றுக்குத் தடை போட்டது. அதன் பிறகு அன்னங்கள் பெருகின.

* * *

முதலில் எழுதிய நண்பரே, உங்கள் முக்குளிப்பான் தலைகாட்டிய அந்தக் கோரை இருக்கிறதே, அதைத்தான் எங்கள் ஏரியில் 'சுத்தம்' என்ற பெயரில் வழித்தெடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. முக்குளிப்பானின் கூடு அழுகிய தண்டுகளால் ஆன ஒரு மிதவை, கோரையில் சிக்கித்தான் நிற்கும். ஆள் வந்தால் தாய் ஈரப் பாசியை முட்டைகளின் மேல் இழுத்துப் போட்டுவிட்டு நழுவிவிடும். அப்புறம் பார்ப்பவர் கண்ணுக்கு அது மிதக்கும் குப்பை! இயந்திரம் வந்து அள்ளியபோது கரையில் கொட்டிய குவியலில் பழுப்பேறிய முட்டைகள் இரண்டைப் பார்த்தேன். நாமக்கோழி, தாழைக்கோழி என்ற நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதும் இதே செடிகளுக்குள்தான்.

ஆகாயத்தாமரையை எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. நீர்ப்பரப்பையே அது மூடிவிட்டால் முங்கிப் பிழைக்கும் பறவைக்கு இடமேது? ஆனால் கூட்டைத் தாங்கும் சம்பு, கோரைச் செடிகள் வேறு. வேலை செய்தவர்களிடம் பேசியதில், நடைபாதை இல்லாத பக்கத்தை மட்டும் குஞ்சுகள் வளரும் வரை தொடாமல் விட்டார்கள். முதுகில் வரிக்குஞ்சுகளைச் சுமந்து ஒரு முக்குளிப்பான் அந்தப் பக்கம்தான் திரிகிறது.

சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பிய ஏரிகளில் செடி நட்ட மிதவைகள் வைத்துப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்தப் பறவை முதலில் வந்தது, மிதவையை எப்படிக் கட்டினீர்கள் என்று எழுதுங்கள்.