குழுக் கடன் வாங்கியும் வருமானம் கூடவில்லை என்றால் என்ன அர்த்தம்?

வைகைக்கரை:
எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் மகளிர் குழுக் கடனைப் பற்றி புராஜெக்ட். பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டஃப்ளோ எல்லாம் சேர்ந்து ஹைதராபாத்தில் சிறுகடன் பற்றிச் செய்த ஆய்வை கைடு படிக்கச் சொன்னார். 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் போட்டு எடுத்து, கடன் கம்பெனியை அங்கே மட்டும் முதலில் கிளை திறக்க வைத்து, பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்கான வசதியும் கூடவில்லை, பெண்கள் கையும் ஓங்கவில்லையாம். ஆனால் நான் பேசியவர்களில் ஒருத்தர்கூட 'பிரயோசனம் இல்லை' என்று சொல்லவில்லை. யாரை நம்புவது?

செல்லூர்க்காரன்:
குழு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வேறென்ன சொல்வார்? விலகிப் போனவர்களிடம் கேட்டீர்களா? கடனில் மாடு வாங்கியவர், கடன் கிடைக்காவிட்டால் சீட்டு போட்டாவது வாங்கியிருப்பாரோ என்னவோ. குலுக்கல் அதற்குத்தான்.

பழைய வாத்தியார்:
தம்பி, பேப்பரை முழுசாகப் படிங்க. அசையாதது சராசரிதான். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் கூடுதலாக முதல் போட்டார்கள், டீ, பலகாரம், விசேஷச் செலவைக் குறைத்து வீட்டுக்குச் சாமான் வாங்கியதும் அதில் இருக்கிறது. 2015-இல் மெக்சிகோ, மங்கோலியா, எத்தியோப்பியா உட்பட ஆறு நாட்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன, எங்கேயும் பெரிய மாயம் நடக்கவில்லை. இன்னொன்று, ஹைதராபாத்தில் கொடுத்தது கம்பெனிக் கடன். நம் ஊர்க் குழு முதலில் தானே சேமித்து, உள்ளுக்குள் சுற்றவிட்டு, அப்புறம்தான் வங்கிக்குப் போகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீங்க.

மேலூர் அக்கா:
நான் எங்கள் குழுவில் ஆறு வருஷம் நோட்டு எழுதினவள். விண்ணப்பத்தில் 'கறவை மாடு' என்று எழுதுவோம், பணம் வந்ததும் பாதி மொய்க்குப் போகும். ஆவணி வந்தால் வரிசையாக முகூர்த்தம், அவர்கள் ஐயாயிரம் எழுதியிருந்தால் நாமும் குறையாமல் செய்யணும். முன்பு அதற்குப் பத்து வட்டிக்கு வாங்கிவிட்டு, வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால் பிள்ளையை விட்டு 'அம்மா இல்லை' என்று சொல்லச் சொல்வேன். குழுக் கடன் வந்தபின் அந்த ஆள் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. வருமானம் கூடியதா என்றால் இல்லைதான். இதை உங்கள் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவீங்க?

வைகைக்கரை:
பழைய கடனுக்குக் கட்டமே வைக்கவில்லை அக்கா. மொய் நோட்டைக் கேட்டால் காட்டுவார்களா?

மேலூர் அக்கா:
காட்டுவார்கள். ஆனால் காலையில் போகாதீங்க, நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். திருப்பிச் செய்த பெயருக்கு நேரே டிக் போட்டிருக்கும். டிக் இல்லாத பெயர்களை மட்டும் கூட்டிப் பாருங்க.