மறு: ‘மெஷர்மென்ட் புரோகிராம்’ – அளவீட்டு நிரலா?

வணக்கம் நண்பர்களே,

மென்பொருள் எழுதும் வேலை எப்படிப் போகிறது என்று தொடர்ந்து அளந்து பார்ப்பதை ஆங்கிலத்தில் ‘மெஷர்மென்ட் புரோகிராம்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘அளவீட்டு நிரல்’ என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. நிரல் என்றால் நம் ஆட்களுக்குக் கணினியில் ஓடுகிற கட்டளைத் தொகுப்புதான் நினைவுக்கு வரும், யாரோ அளப்பதற்கென்று ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே புரோகிராம் என்பது வருடக்கணக்கில் விடாமல் நடக்கிற வேலை. நாசாவின் கோடார்ட் மையத்தில் 1976இல் தொடங்கிய மென்பொருள் பொறியியல் ஆய்வகத்தைப் பாருங்கள். மேரிலாந்து பல்கலைக்கழகமும் கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனமும் அதில் கூட்டாக இருந்தன. செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையைக் கணக்கிடும் மென்பொருளை எழுதுகிறவர்களே, எதில் எத்தனை மணி நேரம் போனது, என்ன பிழை, அது எதனால் வந்தது என்றெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள்; அடுத்த வேலைக்கு ஆளும் நாளும் கணக்குப் போட அது உதவியது. இதில் நிரல் எங்கே வந்தது?

‘அளவீட்டுத் திட்டம்’ என்று போடச் சொன்ன ஐயாவுக்கு: பிராஜெக்டுக்கும் ‘திட்டம்’தான், பிளானுக்கும் அதுதான். ‘மென்பொருள் திட்டத்தில் அளவீட்டுத் திட்டத்தைத் திட்டமிடுதல்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

மெட்ரிக்குக்கு, அதாவது எதை எண்ணிப் பார்க்கிறோமோ அதற்கு, ‘அளவை’ சரி. அளவை என்றால் தர்க்கத்தில் பிரமாணம் ஆயிற்றே என்று கேட்டிருந்தீர்கள். இருக்கட்டும், ஒன்றை அறிவதற்கான வழி என்ற அந்தப் பழைய பொருள் இங்கே கைகொடுக்கத்தான் செய்கிறது. அந்த நாசா ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விக்டர் பசிலி சொன்ன முறையும் அதுதானே: முதலில் இலக்கு, அதிலிருந்து கேள்வி, கடைசியில்தான் அளவை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். சோதனையாளர் எத்தனை பிழை பதிகிறார் என்று மட்டும் எண்ணினார்கள், எதற்கு எண்ணுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரமே, ‘சேமி’ பொத்தான் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்த ஒரே பிழை ஐந்து திரைக்கு ஐந்து பிழையாகப் பதிவானது. (அதில் இரண்டு நான் பதிந்தவை.)

அதனால் அறிதல் சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும் என்று ‘அளந்தறி ஏற்பாடு’ என்பதை முன்வைக்கிறேன். ஏற்பாடு என்றதும் பழையதா புதியதா என்று கிண்டல் வரும், வரட்டும். ‘எங்கள் அளந்தறி ஏற்பாட்டில் மூன்று அளவைகள்தான்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

வேறு நல்ல சொல் கிடைத்தால் இதை விட்டுவிடுகிறேன். ஆனால் பட்டியலில் ‘அளவீட்டு நிரல்’ இருக்கும் வரியை மட்டும் இன்றைக்கே யாராவது எடுத்துவிடுங்கள்.