பார்க்கர் அணைக்கு மேற்கே ஒரு வீடு

*குழு: நம்ம குடும்பம்*

தம்பி (கேட்டி): சித்தி, ஹூஸ்டன்ல, எங்க கேட்டி ஊர்ப் பக்கம், பார்க்கர் அணைக்கு மேற்கே ஒரு வீடு பாத்திருக்கோம். அணையை நடத்தற அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2009-ல அந்த அணைக்கு முதல் வகைத் தரம் போட்டதா படிச்சேன். அஞ்சு வகைல அதுதான் ரொம்ப மோசமாம். அப்புறம் புது மதகு கட்டியாச்சு. ஆபத்து தீந்துதுன்னு எடுத்துக்கலாமா?

சித்தி: இதுல ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு தம்பி. அணை உடையுமாங்கறது ஒண்ணு. உடையாம, ஒழுங்கா வேலை செய்யும்போதே உன் வீட்டுக்குள்ள தண்ணி வருமாங்கறது இன்னொண்ணு. அந்தத் தரம் பெரும்பாலும் முதல் கேள்விக்கு. நீ கவலைப்பட வேண்டியது ரெண்டாவதுக்கு.

பெரியப்பா: மேற்கேன்னா தண்ணி தேங்குற பக்கம்ப்பா. நம்ம ஊர்க் கணக்குல ஏரி உள்வாய்.

அண்ணி: மேப்ல ஏரியே காணோமே மாமா? காடும் பூங்காவும்தான் இருக்கு.

சித்தி: எப்பவும் காஞ்சுதான் கிடக்கும்மா. 1929, 1935 வெள்ளத்துல ஹூஸ்டன் முங்கின பிறகு, வெள்ளத்தைத் தடுக்கன்னே கட்டினது. பார்க்கர் 1945-ல முடிஞ்சுது, பக்கத்துல ஆடிக்ஸ் 1948-ல. மழை வந்தா மதகை மூடித் தண்ணியைப் பிடிச்சு வைப்பாங்க. கீழ ஹூஸ்டன் வழியாப் போற பஃபலோ ஓடை வடிஞ்சதும், ஓடைல வினாடிக்கு 2,000 கன அடிக்கு மேல போகாத மாதிரி மெதுவா விடுவாங்க.

பெரியப்பா: காஞ்சு கிடக்கறதுதான் இந்த மாதிரி அணைல பெரிய சிக்கல். வருஷா வருஷம் நிறையற கரைன்னா எந்த இடத்துல கசியும், எவ்வளவு கசியும்னு கரை ஆளுக்கே மனப்பாடமா தெரியும். காஞ்ச கரைல களிமண் வெயில்ல வெடிச்சிருக்கும், மரவேர் ஓடியிருக்கும், பிராணிங்க வளை போட்டிருக்கும். அது நிஜமா நிறையத் தண்ணியைத் தாங்குற நாள் அபூர்வம்தான். புது உச்சத்துக்குத் தண்ணி ஏறினா அந்த உயரத்துக்கு அதுதான் முதல் நிரப்பல். ஐடஹோல டீட்டன் அணை 1976-ல முதல் நிரப்பல்லயே போச்சு.

தம்பி (கேட்டி): 2009-ல குறிப்பா எது சரியில்லைன்னாங்க?

சித்தி: மதகுக் குழாய். மண்கரைக்குள்ள கான்கிரீட் குழாய் குறுக்க போகும்போது, குழாயோட அடி வளைவுக்குக் கீழ மண்ணை சரியா இடிச்சு இறுக்க முடியாது. கரை கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும், குழாய் அமுங்காது, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழும். தண்ணி அந்த வழியைப் பிடிச்சு, மறுபக்கம் வெளிய வரும்போது மண்ணையும் இழுத்துக்கிட்டு வரும். அரிப்பு வெளிப்பக்கத்துல ஆரம்பிச்சு உள்ள நோக்கி நகரும். கரை மேல நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது.

பெரியப்பா: நம்ம ஏரிகள்லயும் மதகு ஓரம்தான் முதல்ல பாக்கணும். கசிவுத் தண்ணியைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் வை. அடில வண்டல் படிஞ்சா கரை கரையுது. தெளிவா இருந்தாலும், தண்ணி மட்டம் ஏறாமலே கசிவு மட்டும் கூடிக்கிட்டுப் போனா சும்மா விடக் கூடாது.

அண்ணி: ஊற்று கிளம்புற இடத்தை மண்ணைக் கொட்டி அடைச்சிட்டா?

பெரியப்பா: அடைக்கவே கூடாதும்மா! அந்த அழுத்தம் பக்கத்துல இன்னொரு இடத்துல பிச்சுக்கிட்டு வரும். சுத்தி மணல் மூட்டை அடுக்கிக் கிணறு மாதிரி வளைக்கணும். உள்ள தண்ணி உயர உயர எதிர் அழுத்தம் கூடும். மண் வர்றது நின்னு தெளிஞ்ச தண்ணி மட்டும் வந்தா அந்த உயரத்தோட நிறுத்திடணும்.

சித்தி: நிரந்தர வழி வடிகட்டி மணல். தண்ணி போகட்டும், மண் போகக் கூடாது. பழைய காலத்துல குழாயைச் சுத்திக் கான்கிரீட் வளையம் போட்டாங்க. அந்த மூலைலயும் மண்ணை இறுக்க முடியாம புதுசா இடைவெளி விழுந்துது. அதனால இப்ப வெளிப்பக்கம் குழாயைச் சுத்தி மணல் வடிகட்டிதான். பார்க்கர், ஆடிக்ஸ் ரெண்டுலயும் கடைசில பழைய மதகையே ஒட்டுப்போட்டு வைக்காம, 2015-ல 7 கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம் போட்டுப் புது மதகே கட்டினாங்க.

தம்பி (கேட்டி): சரி, ஆபத்துக்கு எண் எப்படிப் போடறாங்க? குத்துமதிப்பா?

சித்தி: மண், நீரியல், கட்டமைப்பு ஆளுங்க ஒண்ணா உக்காந்து "இந்த அணை எப்படியெல்லாம் உடையலாம்"னு ஒவ்வொரு வழியையும் படிப்படியாப் பிரிப்பாங்க. குழாய் ஓர அரிப்பை எடுத்துக்கோ. உதாரணத்துக்கு எண் நான் போடறேன், பார்க்கரோட எண் இல்ல:

தண்ணி அந்த மட்டத்துக்கு ஏற ஒரு வருஷத்துல வாய்ப்பு 0.01
ஏறினா அரிப்பு தொடங்க 0.1
தடுக்க வடிகட்டி இல்லாம தொடர 0.5
வழி இடிஞ்சு மூடாம பெருசாக 0.5
ஆளுங்க கவனிச்சுத் தடுக்க முடியாம போக 0.4

எல்லாத்தையும் பெருக்கு.

தம்பி (கேட்டி): 0.0001. பத்தாயிரத்துல ஒண்ணு.

சித்தி: ஆமா. இது ஒரு வழிக்கு மட்டும். கரை மேல வழியறது, கதவு சிக்கறதுன்னு மத்த வழிகளுக்கும் இதே மாதிரி போடணும். அப்புறம் உயிர்ச்சேதம். உடைஞ்சா 100 பேர் போவாங்கன்னு வெச்சா வருஷ சராசரி 0.01. பொறியாளர் படையோட வரம்பு 0.001. பத்து மடங்கு தாண்டிடுச்சு. கீழ ஹூஸ்டன் மாதிரி ஊர் இருந்தா, உடையற வாய்ப்பு சின்னதா இருந்தாலும் தரம் மோசமாத்தான் வரும்.

அண்ணி: 0.1, 0.5 எல்லாம் எங்கிருந்து வருது அத்தை?

சித்தி: நல்ல கேள்விம்மா. கொஞ்சம் ஆய்வுக் கணக்கு, மீதி அனுபவத் தீர்ப்பு. "நடக்காதுன்னு தோணுது"ன்னா 0.1, "ரெண்டும் சமம்"னா 0.5, "நடக்கும்"னா 0.9 மாதிரி ஒரு அட்டவணை இருக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதரவாவும் எதிராவும் என்ன சான்றுன்னு எழுதணும். என்னைக் கேட்டா கடைசி எண்ணை விட அந்தச் சான்றுப் பக்கம்தான் முக்கியம். எந்தப் பீசோமீட்டரை (மண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் அளக்கற கருவி) நம்பலாம், மண்ணைச் சோதிக்க எங்க துளையே போடலைங்கறது எல்லாம் அதுலதான் தெரியும்.

தம்பி (கேட்டி): இதுல என் வீடு எங்க வருது?

சித்தி: வரவே வராது. அந்தக் கணக்கு உடைஞ்சா கீழ போற தண்ணிக்கு. அணை உடைஞ்சா உன் பக்கம் தண்ணி இறங்கும்! உன் வீட்டுக் கணக்கு மட்டத்துலதான். அரசாங்கம் பார்க்கர் பின்னால கடல் மட்டத்துல இருந்து 95 அடி உயரம் வரைக்கும்தான் நிலம் வாங்கிச்சு. கரையோட ரெண்டு முனைல இயற்கைத் தரை சுமார் 104 அடி. அதாவது 95-க்கு மேல தேங்கற தண்ணி தனியார் நிலத்துலதான் நிக்கும், அங்க வீடு கட்டி வித்துட்டாங்க. 2017 ஹார்வி புயல்ல பார்க்கர் 101.6 அடி வரைக்கும் ஏறிச்சு.

பெரியப்பா: ஆடிக்ஸ்ல அன்னிக்கு 109.1. அங்க முனைத் தரை 108-தான், வடக்கு முனையைச் சுத்திக்கிட்டுத் தண்ணி போச்சு. மழை விடறதுக்கு முன்னாலேயே, ஆகஸ்ட் 28 விடியறதுக்குள்ள, மதகைத் திறக்க ஆரம்பிச்சுட்டாங்க. போகப் போக ரெண்டும் சேந்து வினாடிக்கு 13,000 கன அடிக்கு மேல. கீழ ஓடைக்கரை வீடுகளும் முங்கிச்சு.

தம்பி (கேட்டி): ஏஜென்ட் குடுத்த உயரச் சான்றிதழ்ல தரைமட்டம் 98.3 அடி.

சித்தி: 101.6-ல 98.3 போக 3.3. ஹார்வி மட்டத்துக்கு உன் கூடத்துல இடுப்பளவு. மேல இருந்து விழுந்து ஓடிப்போற தண்ணி இல்ல, மதகு வழியா வடியற வரைக்கும் நாள்கணக்கா நிக்கும்.

தம்பி (கேட்டி): ஆனா அரசாங்க வெள்ள வரைபடத்துல அந்தத் தெரு ஆபத்து வட்டாரத்துல இல்லையே?

சித்தி: அந்த வரைபடம் ஆறு, ஓடை வெள்ளத்துக்கு. அணை வேணும்னே பிடிச்சு வைக்கற தண்ணி அதுல வராது. அதை நம்பித்தான் நிறையப் பேர் காப்பீடு எடுக்கல. மனைப் பிரிவு வரைபடத்தை ஃபோர்ட் பெண்ட் கவுண்டி (அந்த மாவட்டம்) பதிவேட்டுல எடு, குறிப்புகளைப் படி. டெக்சஸ் சட்டப்படி 2019 செப்டம்பர்ல இருந்து, வீடு அணையோட வெள்ளத் தேக்கத்துக்குள்ள இருந்தா விக்கறவர் எழுத்துல சொல்லணும். அந்தப் படிவத்தையும் கேளு.

அண்ணி: காப்பீடு எடுத்தா போதாதா?

சித்தி: அரசு வெள்ளக் காப்பீடு வீட்டுக்கு 2,50,000 டாலர், பொருளுக்கு 1,00,000 டாலர்தான் உச்சம். சாதாரணமா 30 நாள் கழிச்சுத்தான் அமலாகும், வீட்டுக் கடனோட சேத்து எடுத்தா அந்தக் காத்திருப்பு இல்ல. பணம் வரும், ஆனா ஆறு மாசம் வீடு இருக்காது.

தம்பி (கேட்டி): வரைபடம் கிடைச்சுது சித்தி. கீழ சின்ன எழுத்துல இருக்கு. இந்த மனைப் பிரிவு பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, பொறியாளர் படையின் நிர்வாகத்தில் நீண்ட நாள் கட்டுப்பாட்டோடு நீர் தேங்குவதற்கு உட்பட்டதுன்னு.

பெரியப்பா: எழுத்துலயே இருக்கு பாத்தியா. 104-க்கு மேல தரை உள்ள வீடாத் தேடுப்பா.

தம்பி (கேட்டி): இன்னும் மேற்கே தள்ளி 107 அடின்னு ஒண்ணு சொல்றாங்க. சான்றிதழ் கேட்டிருக்கேன்.

சித்தி: எந்த வருஷ மட்டக்குறிப்படி (உயரம் அளக்க வெச்ச அடிப்படைக் குறி) அளந்ததுன்னும் கேளு. ஹூஸ்டன்ல நிலத்தடி நீரை உறிஞ்சித் தரையே தாழுது. பழைய சான்றிதழ்ல 107 இருந்தா இன்னிக்கு அதே 107 இருக்காது. புதுசா அளக்கச் சொல்லு, அதுக்கப்புறம் முன்பணம் குடு.