பிரெய்டு நரம்பு ஸ்பூலில் வழுக்குகிறது: டிராக் பழுதா, நான் கட்டிய முறை தவறா?

நொய்யல்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சூலூர் பக்கத்தைச் சேர்ந்தவன். இத்தனை ஆண்டுகளும் தங்கூஸில் (நைலான் நரம்பு) மட்டுமே தூண்டில் போட்டு வந்தேன். விராலுக்கு ரப்பர் தவளை போடுவதென்றால் பிரெய்டுதான் (பின்னல் நரம்பு) சரிப்படும் என்று பலரும் சொன்னதால், 2500 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் ஒன்றும், 0.20 மி.மீ. தடிமனில் 150 மீட்டர் எட்டு இழைப் பிரெய்டும் புதிதாக வாங்கினேன். தங்கூஸை எப்படிக் கட்டுவேனோ அப்படியே ஸ்பூலின் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையின்) நடுத்தண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு நரம்பை ஏற்றிவிட்டேன்.

போன ஞாயிறு, குத்தகைக்காரரிடம் அனுமதி பெற்றுக் குளத்துக்குப் போனோம். ஆகாயத்தாமரை ஓரத்தில் நல்ல விரால் ஒன்று தவளையைக் கவ்வியது. அது செடிக்குள் புகுந்துவிடக் கூடாதே என்று டிராக்கை (மீன் இழுத்தால் எவ்வளவு இறுக்கத்தில் நரம்பு விடுபட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் திருகை) இறுதி வரை முறுக்கினேன். அப்படியும் நரம்பு போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ரீல் ஓடியதே தவிர மீன் ஓர் அடிகூட இந்தப் பக்கம் வரவில்லை. பதற்றத்தில் நரம்பை உள்ளங்கையில் சுற்றி இழுத்ததில் சுண்டு விரலடியில் பிளேடு போட்டதுபோல் கிழித்துவிட்டது, மீனும் போய்விட்டது. ரீலைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோகலாமா, அல்லது நான் கட்டியதில்தான் தவறு இருக்கிறதா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பவானிசாகர் மேடு எழுதியது:

தம்பி, ரீலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். நரம்பு போனபோது ரீலில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டதா? டிராக் விட்டுக்கொடுத்தால் ஸ்பூல் சுழலும், ஸ்பூல் சுழன்றால் அந்தச் சத்தம் வரும். சத்தமே இல்லாமல் நரம்பு போயிருந்தால் ஸ்பூல் அசையாமல் நின்றிருக்கிறது, அதன் மேல் நீங்கள் சுற்றிய 150 மீட்டரும் ஒரே வளையமாக நடுத்தண்டின் மேல் வழுக்கிச் சுழன்றிருக்கிறது என்று பொருள். கைப்பிடியைச் சுற்றியும் மீன் வராததற்கும் இதுவே காரணம். மேலே ஏறிய அளவுக்கு அடியில் மொத்தச் சுற்றும் பின்னுக்கு நழுவியிருக்கும்.

ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்பூலின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேராக, சுற்றியிருக்கும் நரம்பின் மேலும் ஒரு புள்ளி வையுங்கள். டிராக்கை நன்றாக முறுக்கிவிட்டு, நரம்பைத் துணியில் சுற்றிப் பிடித்து (கையில் சுற்ற வேண்டாம், பாடம் கிடைத்துவிட்டது) மெதுவாக இழுங்கள். இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே நகர்ந்தால் டிராக்கைப் பார்க்க வேண்டும். நரம்பின் புள்ளி மட்டும் விலகிப் போனால் டிராக்கின் மேல் குற்றமில்லை.

பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. இயல்பிலேயே வழுவழுப்பான பொருள். தண்ணீரை உறிஞ்சாது, அநேகமாக நீளவும் செய்யாது. தங்கூஸ் நைலான் என்பதால் இழுத்துச் சுற்றும்போது சற்று நீண்டு, பிறகு சுருங்கி நடுத்தண்டை இறுகக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வல் பிரெய்டில் இல்லை. எனவே முதலில் கொஞ்சம் தங்கூஸைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டைக் கட்டி ஏற்றுவதுதான் நான் எப்போதும் செய்வது. வழுக்காமல் இருக்கப் பத்து மீட்டர் போதும். ஆனால் உங்கள் ஸ்பூல் ஆழமானதாக இருந்தால் 150 மீட்டர் பிரெய்டு அதை நிரப்பாது, எறியும் தூரம் குறையும். ஆகவே நிரம்பும் அளவுக்குத் தங்கூஸ் வைப்பது நல்லது.

ஸ்பூலில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 0.30 மி.மீ. நரம்பு 150 மீட்டர் பிடிக்கும் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நரம்பு அடைக்கும் இடம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.30-இன் வர்க்கம் 0.09; அதை 150-ஆல் பெருக்கினால் 13.5. உங்கள் பிரெய்டுக்கு 0.20-இன் வர்க்கம் 0.04, அதை 150-ஆல் பெருக்கினால் 6. மீதி 7.5-ஐ 0.09-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 83 மீட்டர் வருகிறது. அவ்வளவு 0.30 தங்கூஸ் அடியில் வேண்டும். பிரெய்டு முழு உருண்டையாக இருப்பதில்லை, அட்டையில் போடும் தடிமனும் நம்பத்தக்கதல்ல என்பதால் இது தோராயக் கணக்குதான்.

கணக்கே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. பிரெய்டு இப்போது ரீலில்தானே இருக்கிறது? அதன் வெளிமுனையிலேயே தங்கூஸைக் கட்டி, ஸ்பூல் நிரம்பும் வரை சுற்றுங்கள். பிறகு மொத்தத்தையும் ஒரு வெற்றுச் சுருளுக்கு மாற்றி, அங்கிருந்து திரும்ப ரீலுக்கு ஏற்றினால் அளவு கச்சிதமாக இருக்கும்.

இணைப்புக்கு இரட்டை யூனி முடிச்சு போதும். தங்கூஸ் பக்கம் ஐந்து சுற்று, பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று போட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே நரம்பின் வலு போய்விடும். கடைசியாக ஒன்று: ஸ்பூலில் கட்டுவதற்கு முன் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலில் ஏற்றிவிடும் வளைந்த கம்பியை) திறந்து வையுங்கள். அதை மூடிவைத்துக் கட்டிவிட்டு நரம்பு ஏறவில்லையே என்று விழித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

ஆழியாறு வாசி எழுதியது:

மேலே அண்ணா சொன்னதை மறுக்கவில்லை; ஆனால் இதற்கு இத்தனை பாடு தேவையில்லை என்பது என் கருத்து. நடுத்தண்டில் இன்சுலேஷன் டேப்பை ஒரே ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் பிரெய்டைக் கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு சிறு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் வழுக்காது. இரண்டு நிமிட வேலை. நடுவில் இணைப்பு முடிச்சு என்ற பேச்சே இல்லை. ஆழம் குறைந்த ஸ்பூலுக்கு இதுவே ஏற்றது. சில ஸ்பூல்களில் நடுத்தண்டிலேயே ரப்பர் பட்டை பதித்து வருகிறது. அவற்றில் டேப்பும் வேண்டாம், நேராகவே கட்டலாம்.

பவானிசாகர் மேடு எழுதியது:

டேப் பிடிக்கும், ஐயமில்லை. ஆனால் வண்டிப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் கிடந்த ரீலில் டேப்பின் பசை உருகிப் பிசுபிசுத்து, அடிச்சுற்று முழுவதும் ஒட்டிக்கொண்டதை நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். அதோடு, டேப் மட்டும் என்றால் இந்தத் தம்பியின் ஸ்பூல் நிரம்பவே முந்நூறு மீட்டருக்கு மேல் பிரெய்டு வாங்க வேண்டியிருக்கும். தங்கூஸ் விலை என்ன, பிரெய்டு விலை என்ன?

சோமனூர் தறி எழுதியது:

நான் விசைத்தறிக்காரன்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன்பிடிக்காரன். நூல் சுற்றுவதே எங்கள் பிழைப்பு என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, மாற்றிச் சுற்றும் வழியில் ஒரு பிசகு இருக்கிறது. ரீலில் பிரெய்டு அடியிலும் தங்கூஸ் மேலேயும் இருக்கும் நிலையில் ஒரு சுருளுக்கு மாற்றினால், சுருளில் தங்கூஸ் அடியில் போய்ப் பிரெய்டு மேலே வந்துவிடும். அங்கிருந்து ரீலுக்கு ஏற்றினால் மறுபடியும் பிரெய்டுதான் முதலில் ஏறும். தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள். எனவே முதல் சுருளிலிருந்து இரண்டாம் சுருளுக்கு மாற்றி, அதன் பிறகே ரீலுக்கு ஏற்ற வேண்டும். அதே ரீலுக்கு இன்னொரு ஸ்பூல் வைத்திருந்தால் சுருளே வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராக ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, இழுவை. தாரில் (தறியின் நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலில்) நூலைத் தளர்வாகச் சுற்றினால் நாடா ஓடும்போது நாலைந்து சுற்று கொத்தாகச் சரிந்து வந்து சிக்கும். பிரெய்டும் அச்சு அசலாக அப்படித்தான். தளர்வாக ஏற்றினால் எறியும்போது கொத்தாக உருவிக்கொண்டு வந்து தூண்டில் கோலின் வளையத்தில் முடிச்சிடும். பெரிய மீன் இழுத்தால் மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து, அடுத்த எறியலில் பட்டென்று நின்று அறுந்துபோகும். ஆகவே ஈரத்துணியை நான்காக மடித்து, கோலின் கைப்பிடிக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் நரம்பைத் துணியோடு இரு விரலால் அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். விரல் லேசாகச் சுடுமளவுக்கு அழுத்தம் இருந்தால் சரி. சுருளின் துளையில் ஒரு பென்சிலைச் செருகி வீட்டில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள், விளிம்பு வரை நிரப்புவது ஆசைக்கு நன்றாக இருக்கும், எறியும்போது அழ வைக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி. டிக் டிக் சத்தம் அன்று வரவே இல்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. புள்ளி வைத்துப் பார்த்தேன். ஸ்பூலின் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்க, நரம்பின் புள்ளி மட்டும் முழுச் சுற்று போய் மறுபக்கம் வந்தது. நல்லவேளை, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை.

என் ஸ்பூலிலும் 0.30 – 150 என்றே அச்சிட்டிருந்தது. சோமனூர் அண்ணா சொன்ன பிசகை நான் படிப்பதற்குள் ஒரு முறை மாற்றி ஏற்றிவிட்டேன். ரீலில் பிரெய்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகு இரண்டு வெற்றுச் சுருள்களை வைத்து, என் தங்கையைப் பென்சில் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். 100 மீட்டர் தங்கூஸ் வாங்கியதில் கால் பங்குக்கும் குறைவாகவே மிஞ்சியது என்பதால் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இணைப்பு முடிச்சு, மேலே பிரெய்டு இரண்டு அடுக்கு ஏறியதும் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

நேற்று மாலை தூண்டில் முனையைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, டிராக்கை முக்கால் பங்கு முறுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். இரண்டு புள்ளிகளும் ஒன்றாகவே சுழன்றன. சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆழியாறு அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். தம்பியின் சிறிய ரீலில் ஸ்பூல் ஆழமில்லை, அதற்கு டேப்தான் ஒட்டப் போகிறோம்.