புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டுக் கோப்புகளை எங்கே வைத்தேன்

தேயிலைத் தோட்டத்துப் பட்டா, தாத்தா காலத்துப் படங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து எந்தக் கிளவுடில் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூகுள் டிரைவ்தான். இலவசமாக 15 ஜிபி. ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. ஆனால் அந்த 15-இல் ஜிமெயிலுக்கும் பங்குண்டு. 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களும் கணக்கில் சேரும். டிராப்பாக்ஸைப் பரிந்துரைத்த அண்ணா, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அதன் முறை எங்கள் மழைக்கால நெட்டுக்கு அருமை, இடம்தான் போதவில்லை.

பட்டாவை கிரிப்டோமேட்டரில் (கோப்புகளைக் கடவுச்சொல் போட்டு மறையாக்கும் செயலி) பூட்டித்தான் ஏற்றுகிறேன். கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அம்மாவிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: சிங்க் (கணினியிலும் கிளவுடிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைப்பது) என்பது பேக்கப் (தனியாக வைக்கும் நகல்) ஆகாது. ஓர் இடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் போய்விடும், டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அதனால் ஹார்ட் டிஸ்க் நகல் ஒன்றை ஈரோட்டில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன்.