புதுப்பிப்பு: காமர்ஸிலிருந்து பி.எஸ்சி. உளவியல்

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்த நான் உளவியலில் வரும் நரம்பியல் தாளை எப்படிச் சமாளிப்பது என்று மே மாதம் கேட்டிருந்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். நரம்பு மண்டலப் பாடம் எளிதாகவே போனது. அப்புறம் பதினொன்றாம் வகுப்பு என்சிஇஆர்டி உயிரியலில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். நியூரானின் (நரம்பு செல்லின்) சவ்வு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறதாம். சரி, அயனி என்றால் என்ன? ஒன்பதாம் வகுப்பு அணு அமைப்புக்கே திரும்பினேன். அணு எலக்ட்ரானை இழந்தால் நேர்மின்னூட்டமுள்ள அயனி ஆகிறது என்று புரிந்ததும், சோடியத்தைச் சிவப்பிலும் பொட்டாசியத்தை நீலத்திலும் நோட்டில் வரைந்து எண்ணிப் பார்த்தேன். ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடான மைனஸ் 70 மில்லிவோல்ட் இப்போது பயமுறுத்தவில்லை. நேற்று வகுப்பில் அந்தப் படத்தை நானே கரும்பலகையில் போட்டேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்து புள்ளியியல்.